சொல்லாமல் போகிறவர்கள்

என் நாவல்களைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிற வாசகர்கள் சிலருக்கு ஒரு குறை உண்டு. "உங்கள் கதைகளில் வருகிற அண்ணன் தம்பிகள் சொத்துக்காக இவ்வளவு கேவலமாகச் சண்டை போடுகிறார்களே, நல்ல குடும்பங்களில் இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறார்கள். நல்ல குடும்பங்களில்தான் நடக்கிறது என்பது என் பதில். ஒன்றுமில்லாதவன் வீட்டில் சண்டை போட என்ன இருக்கிறது? பெரிய பணக்காரர் வீட்டிலோ, வக்கீலும் ஆடிட்டரும் முன்கூட்டியே வேலையை முடித்து வைத்திருப்பார்கள். ஒரு வீடு, ஊருக்கு வெளியே ஒரு மனை, பாங்கியில் கொஞ்சம் டிபாஸிட், மனைவி கழுத்திலும் லாக்கரிலுமாக நாற்பது பவுன் என்று வாழ்ந்து முடிக்கிற நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்து மனிதர்கள்தாம் இந்த விஷயத்தில் மகா அசடுகளாக இருக்கிறோம். உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

அந்த அசட்டுத்தனத்தைத் திட்டுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திட்டு வாங்கப் பிரியமில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டி அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர். ஒற்று மிகாத இடத்தில் ஓர் ஒற்று மிகுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு வீடு கட்டினார். கூரை போடும் சமயத்தில் பணம் போதவில்லை. அவர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த வளையல்களையும் கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். வீடு எழுந்தது. பத்திரம், பட்டா எல்லாம் தலைமையாசிரியர் பெயரில்.

ஒரு நாள் மாலை, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "ஸார், இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என் பிள்ளைகளுக்கு நான் எழுதித்தான் காட்ட வேண்டுமா? என் மனசு அவர்களுக்குத் தெரியாதா?" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு நானும் சேர்ந்து பூரித்துப் போனேன் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வாசலில் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. கூடத்தில் மூத்த பிள்ளை ஒரு பத்திரத்தை எடுத்து வைத்தான். வடக்கே குடித்தனம் செய்கிற பெண், அடுத்த நாள் இரவு ரயிலுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். "விடுதலைப் பத்திரம்தான் அம்மா. காலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடு. உனக்குத்தான் கல்யாணத்திலேயே அப்பா எல்லாம் செய்துவிட்டாரே" என்றார் சித்தப்பா முறையில் ஒருவர். அந்தப் பெண் பத்திரத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து, "அப்பா இப்படிச் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா எப்படியும் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

அவள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு அந்த ஊருக்கு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து வீடும் விற்றுப் போயிற்று. வளையல் கழற்றிக் கொடுத்த அம்மாள் ஆறு மாதம் பெரியவன் வீட்டிலும் ஆறு மாதம் சின்னவன் வீட்டிலுமாக இருந்தார். ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாக்கியங்களைத் திருத்தியவர், தாம் எழுத வேண்டியிருந்த ஒரே ஒரு வாக்கியத்தை எழுதாமல் போய்விட்டார்.

இதைச் சொன்னால், உயில் எழுதாத கனவான்கள் உடனே காரணங்களோடு எழுந்து நிற்பார்கள். ஒவ்வொருவரையும் விசாரித்துவிடலாம்.

முதலாமவர், "உயில் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும்" என்கிறவர். இவர் இதை வெளியே சொல்லமாட்டார். "பார்க்கலாம், அடுத்த தையில் பார்க்கலாம்" என்பார். ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு நீட்டுகிற ஒவ்வொரு காகிதத்திலும் இவர் தம் மரணத்தைப் பற்றித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்போது யமன் வாசலில் வந்து நிற்கவில்லை. பச்சையப்ப முதலியார் 1794-ல் உயில் எழுதினார், அதே வருஷத்தில் இறந்தும் போனார் என்று யாராவது எனக்குச் சரித்திரம் காட்டலாம். நோயில் படுத்ததனால் எழுதினார், எழுதியதனால் படுக்கவில்லை. ஆனால் அவர் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவர் தருமத்துக்கென்று எழுதி வைத்த பணத்தை, நிறைவேற்ற வேண்டியவர்கள் நிறைவேற்றவில்லை. வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. கடைசியில் அந்த உயில்தான் ஜயித்தது. அவர் பணத்தில் 1842-ல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுவே பிறகு கல்லூரியாக வளர்ந்தது. எழுதியவர் மண்ணாகி நாற்பத்தெட்டு வருஷம் ஆன பிறகும் அந்தக் காகிதம் அவருக்காகப் பேசிற்று. வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்று பச்சையப்பர் பெயர் யாருக்குத் தெரியும்?

இரண்டாமவர், "சட்டம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்கிறவர். இவர் படித்தவர். ஆனால் சட்டத்தைப் படித்தவரல்ல. ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவருடைய மனைவி, பிள்ளைகள், பெண்கள், உயிரோடிருந்தால் தாயார் ஆகியோருக்குச் சம பங்காகப் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் என்று விட்டுவிட்டு ஒருவர் நாற்பத்தைந்து வயதில் திடீரென்று இறந்துபோகிறார். அவர் கட்டின வீட்டில் மனைவிக்குக் கால் பங்கு. தாயாருக்கும் கால் பங்கு. சில வருஷம் கழித்துத் தாயாரும் உயில் எழுதாமலே காலமானால், அந்தக் கால் பங்கில் இறந்துபோனவரின் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பாத்தியதை வந்துவிடுகிறது. கடன் கட்டி மீட்ட வீட்டில் விதவை குடியிருக்க, மைத்துனர் வந்து கூடத்தை அளந்து பார்க்கலாம். தாயாருக்குச் செய்ய வேண்டியது நியாயம்தான். எப்படிச் செய்வது, எதிலிருந்து செய்வது என்று யோசித்து எழுத வேண்டியவர் யார்? சட்டமா, மகனா?

பெண்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் விசித்திரமானது. சம்பாதிக்கிற சகோதரிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குழந்தையில்லாத ஓர் இந்து விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் தன் உழைப்பால் சேர்த்த பணம் அவளைப் பெற்றவர்களுக்குப் போவதற்கு முன் அவள் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. நான் கதை கட்டவில்லை. 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு 1955-ல் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் கணவன் பாம்பு கடித்து இறந்துபோனான். புகுந்த வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்கள். பெற்றவர்கள் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். அவள் வேலைக்குப் போனாள்; சம்பாதித்தாள்; 1996-ல் உயில் எழுதாமல் இறந்தாள். பாங்கியிலிருந்த பணத்தையும் பிராவிடண்ட் பண்டையும் அவளைப் பெற்ற தாய் கேட்டாள். கணவனின் சகோதரி பிள்ளைகளும் கேட்டார்கள். கோர்ட்டு யாருக்குக் கொடுத்தது தெரியுமா? கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கு. அனுதாபத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதிகளைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. ஒரு முழுக் காகிதமும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் அந்தத் தாய் கோர்ட்டுப் படி ஏறியிருக்கவே வேண்டாம். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களே, இப்படித்தான் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாமவர், "எல்லாவற்றிலும் நாமினி போட்டிருக்கிறேன்" என்கிறவர். இவர் பாதிக் கிணறு தாண்டினவர். பாங்கி டிபாஸிட்டுக்கு நாமினியாக இருக்கிறவர் பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளலாம். அதனாலேயே அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். மற்ற வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருக்கிறவர், அவ்வளவுதான். மூத்த பிள்ளையை நாமினியாகப் போட்டுவிட்டு, அவன் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பான் என்று நம்பிப் போகிறவர், பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறார். அதைக்கூடச் செய்யாமல், எந்தப் பாங்கியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் வாய் திறக்காமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கிற டிபாஸிட்டுகள் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்ச் சேருகின்றன. 2024 மார்ச் முடிவில் அதில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. அத்தனையும் உயில் எழுதாதவர்களின் பணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லாமல் போனவர்களின் பணம் அதில் கணிசமாக இருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நான்காமவர்தான் உண்மையைச் சொல்கிறவர். "எழுதிவிட்டால் பிறகு பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் ஸார்" என்கிறார். இவருக்கு உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செட்டில்மெண்டு எழுதி ரிஜிஸ்தர் செய்தால் சொத்து அன்றைக்கே கை மாறிவிடும். அப்படிப் பாசத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் கட்டின வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருக்கிற பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்பதற்கு 2007-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் வயதான காலத்தில் பெற்ற பிள்ளைமேல் மனு எழுதிக்கொண்டு அலைய யாருக்கு மனம் வரும்? உயிலில் அந்தத் தொல்லையே இல்லை. கடைசி மூச்சு வரையில் சொத்து உங்களுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், தானம் செய்யலாம். உயிலையே கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். கடைசியாக எழுதினதுதான் செல்லும். மதிப்புப் போய்விடும் என்று பயப்படுகிறவர் எழுத வேண்டியது உயில்தான்.

அவர் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. சொல்லாமல் வைத்திருக்கிற வரையில் நாலு பேரும் தம்மைச் சுற்றி வருவார்கள் என்ற எண்ணம் அது. சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுப்பெண்களை ஆட்டிவைத்த பழைய காலத்து மாமியாரை நாம் எத்தனையோ கதைகளில் பரிகாசம் செய்திருக்கிறோம். அந்தச் சாவிக் கொத்தைத்தான் இந்தப் பெரியவர் வாய்க்குள் வைத்திருக்கிறார். பிள்ளைகள் தம்மிடம் காட்டுகிற மரியாதை அன்பா, எதிர்பார்ப்பா என்று தெரிந்துகொள்ளக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

இங்கே ஒரு வாசகி என்னை மறித்துக் கேட்கலாம்: "உயில் எழுது, உயில் எழுது என்கிறீர்களே. எழுதாமல் போனால் சட்டமாவது பெண்ணுக்குச் சம பங்கு கொடுக்கிறது. எழுதினால் அப்பாக்கள் பிள்ளைகளுக்கே எழுதிவிட்டுப் போகிறார்களே?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் நழுவினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தீர்மானம் போட்டார். தகப்பன் தேடிய சொத்தில் பெண்ணுக்குப் பங்கு 1956-ல் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989-ல், அதுவும் அதற்குமுன் கல்யாணம் ஆகிவிட்ட பெண்களை ஒதுக்கிவிட்டு வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. மாநாட்டிலிருந்து சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர எழுபத்தாறு வருஷம். அதை ஒரு தகப்பனார் ஒரு மத்தியான வேளையில், காப்பி ஆறுவதற்குள், பேனா முனையால் அடித்துவிடுகிறார் என்பது உண்மைதான்.

ஆனால் உயில் இல்லாத வீட்டில் பெண்ணுக்குப் பங்கு கிடைத்துவிடுகிறதா? தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போங்கள். சட்டம் அவளுக்குக் கால் பங்கு கொடுத்தது. பந்தல் பிரிக்குமுன் சொந்தக்காரர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கேட்டால் அண்ணன் உறவு போய்விடும், கேட்காவிட்டால் பங்கு போய்விடும் என்று அவளை நடுக்கூடத்தில் நிறுத்தியது தகப்பனாரின் மௌனம். "என் பெண்ணுக்கும் சம பங்கு" என்று அவர் கைப்பட எழுதியிருந்தால், அவள் யாரிடமும் எதையும் கேட்டிருக்க வேண்டாம். கேட்கிறவள் என்ற பெயர் அவளுக்கு வந்திராது. கொடுத்தவர் அப்பா என்று ஆகியிருக்கும். பெண்ணுக்கு எதிராக எழுதுகிறவர் ஓர் அநியாயம் செய்கிறார். எழுதாமல் போகிறவர், அந்த அநியாயத்தைப் பிள்ளைகள் கையால் செய்ய வைத்துவிட்டுத் தாம் நல்லவராகப் போய்விடுகிறார்.

மனைவி விஷயத்திலும் நம்மவர்களுடைய தாராளத்தைப் பார்க்க வேண்டும். "என் மனைவி ஆயுள் பரியந்தம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமின்றி அனுபவித்துக்கொண்டு..." என்று பழைய பாணியில் எழுதி, பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் வளையலைக் கழற்றிக் கொடுத்தபோது, "ஆயுள் பரியந்தம் அனுபவித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்" என்றா சொன்னார்? சர்வ சுதந்திரமாக அவருக்கு எழுதி வைத்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது. வைத்தியச் செலவுக்காக அவர் பெற்ற பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியிராது.

உயில் எழுதுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். புத்தி தெளிவாக இருக்கும்போது, உங்களுக்குத் தெரிந்த பாஷையில், இன்னது இன்னாருக்கு என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திடுங்கள். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திடட்டும். சாட்சிகள் உயிலில் பங்கு பெறாதவர்களாகவும் உங்களைவிட வயதில் சின்னவர்களாகவும் இருப்பது நல்லது. பின்னால் தகராறு வந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே. ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை. செய்து வைத்தால் காகிதம் காணாமல் போகாது. ஆனால் ரிஜிஸ்தர் ஆகிவிட்டதனாலேயே யாரும் கேள்வி கேட்க முடியாது என்று எண்ண வேண்டாம். உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கைத்தான் எழுதலாம். இஸ்லாமிய நண்பர்களுக்கு அவர்கள் சட்டப்படி, மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலால் கொடுக்க முடியாது. சிக்கல் அதிகமிருந்தால் ஒரு வக்கீலுக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள். பின்னால் உங்கள் பிள்ளைகள் இரண்டு வக்கீல்களுக்குக் கொடுக்கப் போவதைவிட அது குறைவாகவே இருக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அதைத்தான் நம்மில் அநேகமாக யாரும் செய்வதில்லை. மனைவி, பிள்ளைகள், பெண்கள் எல்லோரும் கூடியிருக்கிற ஒரு பண்டிகை நாளில், சாப்பாடு முடிந்தபின், அந்தக் காகிதத்தை எடுத்து உரக்கப் படியுங்கள். ஏன் இப்படி எழுதினேன் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். கூடமாட இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்திருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். படிப்புக்காக மூத்தவனுக்குச் செலவழித்ததைக் கழித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். யாருக்காவது கோபம் வந்தால் உங்கள்மேல் வரட்டும். அதைத் தாங்குவதற்கு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அவர்கள் தங்களுக்குள் கோபித்துக்கொள்வதைவிட உங்களைக் கோபித்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

உரக்கப் படிக்கும்போது ஏதாவது ஒரு வரியில் குரல் தடுமாறினால், பெண்ணின் முகத்தையோ மனைவியின் முகத்தையோ பார்க்கக் கூச்சமாக இருந்தால், அந்த வரி தப்பு. அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். எழுதத்தான் உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறதே. இதைவிட நல்ல சோதனை எந்த வக்கீலும் சொல்லித் தரமாட்டார்.

தலைமையாசிரியரைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டதாக அவருடைய பழைய மாணவர்கள் யாராவது நினைக்கலாம். அவர் நல்லவர். அவர் மனத்தில் பெண்ணுக்கும் பங்கு இருந்தது என்றே இன்றும் நான் நம்புகிறேன். ஆனால் அது என் நம்பிக்கை. அந்தப் பெண்ணிடம் எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எங்கோ வடக்கே ஓர் ஊரில், வேலையெல்லாம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு, "அப்பா இப்படிச் சொன்னாரா?" என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

உங்கள் பெண் அப்படிக் கேட்க வேண்டாம். இன்று ராத்திரியே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வையுங்கள்.